ஜிம் வைத்திருக்கும் மாப்பிள்ளையும் ஸ்வீடன் இளவரசியும்

கேள்வி: என் மகளுக்கு 28 வயது, வங்கியில் அதிகாரி. சொந்தமாக ஜிம் நடத்தும் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் என் கணவர், “மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?” என்று மூன்று மாதமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளோ, “ஸ்வீடன் இளவரசியே ஜிம் டிரெய்னரைத்தான் கட்டிக்கொண்டாள், நாம் என்ன ராஜ பரம்பரையா?” என்கிறாள். அது உண்மையா? அந்த ராஜா எப்படிச் சம்மதித்தார்? நான் யார் பக்கம் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் சொல்வது உண்மைதான். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியைக் கேட்டால் அவளுக்கும் கொஞ்சம் உறுத்தும், உங்கள் வீட்டுக்காரருக்கும் உறுத்தும்.

அந்த இளவரசி விக்டோரியா. 1977இல் பிறந்தவர். அப்போதைய சட்டப்படி ஆண்பிள்ளைக்கே பட்டம் என்பதால், தம்பி கார்ல் பிலிப் பிறந்ததும் பட்டத்து உரிமை அவனுக்கென்று ஆனது. ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று 1980 ஜனவரி 1 முதல் சட்டம் மாறியதால் அது இவருக்கு வந்தது. அதாவது நாளைக்கு நாட்டின் ராணியாகப் போகிறவர். வங்கி அதிகாரியைவிடக் கொஞ்சம் பெரிய உத்தியோகம்தான்.

மாப்பிள்ளை டேனியல் வெஸ்ட்லிங், ஓக்கெல்போ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை, அம்மாவுக்குத் தபால் துறையில். டேனியல் பிறந்த தேதி 1973 செப்டம்பர் 15. பழைய ராஜா இறந்து, விக்டோரியாவின் அப்பா கார்ல் குஸ்தாஃப் ராஜாவானதும் அதே நாளில்தான். ஜாதகக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பார்களோ! 2001இல் ஸ்டாக்ஹோமில் விக்டோரியாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் இவர். மறு வருஷமே விஷயம் பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிட்டது. நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2009 பிப்ரவரி 24 அன்று. எட்டு வருஷம்! அங்கே அப்பா தலையாட்டினால் மட்டும் போதாது. ராஜா கேட்டு, அரசாங்கமும் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம்.

சரி, இவ்வளவு நாள் ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பத்தில் இந்தச் சிக்கல் புதிதே இல்லை. ராஜாவின் சித்தப்பாக்கள் இருவர் சாதாரணக் குடும்பத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு, பட்டத்தையும் இளவரசர் என்ற பெயரையும் இழந்தவர்கள். 1947 ஜனவரியில் ராஜாவின் அப்பா விமான விபத்தில் இறந்தபோது இந்த ராஜா ஒன்பது மாதக் குழந்தை. அப்பாவின் தலைமுறையில் வாரிசு வரிசையில் மிச்சமிருந்தது பெர்ட்டில் என்ற இன்னொரு சித்தப்பா மட்டும்தான். அவரோ 1943இல் லண்டனில் லில்லியன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிட்டிருந்தார். அவளைக் கட்டினால் இவரும் பட்டத்தை இழப்பார், குழந்தைக்குத் துணை நிற்க ஆள் இருக்காது. தாத்தா ராஜா சம்மதிக்கவில்லை. பெர்ட்டில் சண்டை போடவும் இல்லை, லில்லியனைக் கைவிடவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஆனால் அரண்மனை விழாக்களில் லில்லியனுக்கு அவர் பக்கத்தில் நாற்காலி கிடையாது. பிள்ளைகளும் பெற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து 1973இல் ராஜாவானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வரவேற்புப் பணியில் இருந்த சில்வியாவைச் சந்தித்து, 1976 ஜூன் 19 அன்று கல்யாணமும் செய்துகொண்டது. சில்வியாவும் அரச வம்சம் இல்லை. அப்பா ஜெர்மனிக்காரர், அம்மா பிரேசில்காரர். அதே வருஷம் டிசம்பர் 7 அன்று, ராஜாவின் ஒப்புதலோடு, சித்தப்பா பெர்ட்டிலின் கல்யாணமும் நடந்தது. அப்போது மாப்பிள்ளைக்கு 64 வயது, பெண்ணுக்கு 61. முப்பத்து மூன்று வருஷக் காத்திருப்பு. இந்தக் கதையை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்வதென்றால், இளவரசி கதையை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். இவ்வளவு பார்த்த அந்த அரச வம்சமே ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளையிடமிருந்து வந்ததுதான். பெர்னடோட் என்பவர் பிரான்ஸில் சிப்பாயாகச் சேர்ந்து நெப்போலியனின் தளபதியாக உயர்ந்தவர். 1810இல் ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்துப் பட்டத்து இளவரசராக்கினார்கள். அவர் வழி வந்தவர்கள்தான் இவர்கள்.

இப்போது மகளிடம் சொல்ல வேண்டியது. அந்த எட்டு வருஷமும் டேனியல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஜிம் தொழிலை வளர்த்தார். வரலாறும் மொழியும் சபை நடைமுறையும் கற்றுக்கொண்டார். “கிராமத்தான், தொப்பிக்காரன்” என்று பத்திரிகைகள் கிண்டலடித்தபோது வாயைத் திறக்கவில்லை. விக்டோரியாவும் அப்பாவை எதிர்த்து அறிக்கை விட்டதில்லை, டேனியலை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டேனியலுக்குப் பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. நம் வீடுகளில் இப்படி ஒன்று இருந்தால் தாலி ஏறும்வரை மூச்சு விட மாட்டோம். அங்கே, நிச்சயம் முடிந்து மூன்று மாதத்தில், 2009 மே மாதம், அவருடைய அப்பாவே சிறுநீரகம் கொடுக்க, மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அரண்மனையே அதை ஊருக்கு அறிவித்தது. விக்டோரியா அன்றைக்கு அரசுப் பயணமாக கிரீன்லாந்தில் இருந்தார். கல்யாணம் 2010 ஜூன் 19 அன்று, அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த அதே தேதியில். அதிலும் ஒரு சின்ன ரகளை. மணமக்கள் சேர்ந்தே நடந்து வருவதுதான் ஸ்வீடன் வழக்கம், அப்பா கைப்பிடித்துக் கொடுப்பது பெண்ணைச் சமமாக நடத்துவதாகாது என்று பாதிரிமார் சிலர் ஆட்சேபித்தார்கள். மகளுக்கோ அப்பாவோடு நடக்க ஆசை. கடைசியில் ராஜா பாதி தூரம் கூட்டிவந்து டேனியல் கையில் ஒப்படைத்தார், மீதியை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். எட்டு வருஷம் யோசித்த அப்பாவின் கையைத்தான் அந்தப் பெண் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டாள், கவனித்தீர்களா?

அன்று விருந்தில் டேனியல் ஒரு விஷயம் சொன்னார். ஒருமுறை விக்டோரியா ஒரு மாதம் சீனாவுக்குப் போக வேண்டியிருந்தது. முந்தின நாள் இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்பினார். காலையில் டேனியல் எழுந்து பார்த்தால், நாளுக்கு ஒன்றாக முப்பது கடிதங்கள். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அவர்களுக்கு எஸ்டெல், ஆஸ்கர் என்று இரண்டு பிள்ளைகள். எஸ்டெல் 2012இல் பிறந்தவள், அம்மாவுக்குப் பிறகு பட்டம் அவளுக்குத்தான்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். நீங்கள் மகள் பக்கமே பேசலாம், ஆனால் “இளவரசியே கட்டிக்கொண்டாள்” என்ற வாதத்தை அவளை விட்டுவிடச் சொல்லுங்கள். அது அப்பாவின் வாயை அடைக்கும், மனதை மாற்றாது. ஜிம் எத்தனை வருஷமாக நடக்கிறது, இடம் வாடகையா, கடன் எவ்வளவு, உடம்புக்கு ஏதாவது உண்டா என்பதையெல்லாம் பையனிடம் நேராகவே கேளுங்கள். ஒரு பெண்ணின் அம்மா கேட்க வேண்டியவைதான் அவை. எட்டு வருஷம் வேண்டாம், ஆறு மாதம் போதும். அதற்குள் உங்கள் கணவரை ஒருநாள் காலை ஆறு மணிக்கு அந்த ஜிம் பக்கம் அனுப்பிவையுங்கள். சம்பந்தம் பேச வேண்டாம். பையன் கடையை எப்படித் திறக்கிறான், வருகிறவர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.