காரணம் தெரியாத ஆண் குழந்தையின்மைக்கு ஹார்மோன் சிகிச்சை பலன் தருமா?

விந்தணு எண்ணிக்கை குறைவு, காரணம் தெரியவில்லை, ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஹார்மோன் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டதால் எனக்கு ஓராண்டுக்கு மேல் வீணானது.

கல்யாண வீடுகளில் "விசேஷம் உண்டா?" என்ற விசாரிப்பு என் மனைவியிடம்தான் வரும். அவளுக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகுதான் எனக்கு எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் உள்ள கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். விரைப்பையில் இரத்த நாளங்கள் புடைக்கும் வெரிகோசீல் இல்லை, தொற்று இல்லை, வேறு காரணமும் அகப்படவில்லை. உடம்பு சோர்வாக இருக்கிறது என்று சொன்னேன். "ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகும்" என்று மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுத்தார். உடம்பில் தெம்பு வந்தது. ஐந்து மாதம் கழித்து வந்த அறிக்கையில் எண்ணிக்கைக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது.

டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று தான் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். விந்தணுவை உருவாக்கு என்று விரைகளுக்குப் போகும் கட்டளையே அவைதான். இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருக்கும், விரைக்குள் வறண்டுபோகும். வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார அமைப்பு சோதித்திருக்கிறது என்று பிறகு தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டெராய்டு எடுக்கும் தம்பிகளுக்கும் இதே கதிதான்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஊசியை நிறுத்தினார். பழைய எண்ணிக்கை திரும்ப எட்டு மாதம் ஆனது. காலை வேளையில் இரத்தம் எடுத்து எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் பார்த்த பிறகே க்ளோமிஃபீன் 25 மில்லிகிராம் கொடுத்தார். பெண்களுக்குக் கருமுட்டை வளரக் கொடுக்கும் அதே மாத்திரை. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவி பெயரைச் சொல்லுங்கள்" என்றார். எனக்குத்தான் என்றேன். குறை என்னிடம் இருக்கிறது என்பதை வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இந்த மாத்திரை, ஆண் உடம்பிலும் சிறிதளவு இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மூளைக்குத் தரும் "போதும்" என்ற செய்தியைத் தடுக்கிறது. பிட்யூட்டரி அந்த இரண்டையும் கூடுதலாகச் சுரக்கிறது. சிலருக்கு எண்ணிக்கை ஏறும், சிலருக்கு அசையாது, சிலருக்கு இறங்கவும் செய்யும். எஃப்.எஸ்.எச். முன்பே மிக அதிகமாக இருந்தால் பிட்யூட்டரி ஏற்கெனவே முழு மூச்சாக உழைக்கிறது என்று பொருள். மேலும் தூண்டிப் பெரிய பயன் இராது. எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் மிகக் குறைவு என்றால் அது வேறு நோய். அதற்கு, அந்த இரண்டின் வேலையைச் செய்யும் ஊசி மருந்துகள் (டெஸ்டோஸ்டிரோன் அல்ல) நன்றாகவே பலன் தருகின்றன. காரணம் தெரியாதவர்களுக்கும் எஃப்.எஸ்.எச். ஊசி போடுகிறார்கள். கருத்தரிப்பு கூடியதாக மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பு சொல்கிறது. ஆனால் அதில் இருந்தவை ஆறு ஆய்வுகள், மொத்தம் 456 பேர். விலையும் அதிகம்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். பதினைந்து நாள் மாத்திரை போட்டுவிட்டுப் பரிசோதனைக்கு ஓடுவது, அரச மரத்தைச் சுற்றியதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஐந்து மாதத்தில் எனக்கு 1 கோடியே 40 லட்சம் ஆனது. மாத்திரையால் ஏறியதா, ஊசியின் பாதிப்பு தீர்ந்து உடம்பே தேறியதா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் மனைவிக்கு 34 வயது. மேலும் காத்திருக்க வேண்டாம் என்று, விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. செய்தார், இரண்டாம் முறை கரு தங்கியது. மகளுக்கு இப்போது இரண்டு வயது.

உங்கள் மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை. 35-ஐத் தாண்டியிருந்தால், மாத்திரையோடு ஆறு மாதம் காத்திருப்பது சரியா என்பதை இருவரும் சேர்ந்து போய் மருத்துவரிடம் கேளுங்கள்.