நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓஹாயோ மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்குள்ள பூல் கூடத்தில் (பில்லியர்ட்ஸ் போல மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம்) செவ்வாய்க்கிழமைதோறும் ஆடும் குழுவில் நானும் ஒருவன். எங்களில் பலருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர் சென்ற மாதம் காலமானார். அடக்கம் முடிந்த மாலையில், அவர் வழக்கமாக ஆடும் மேசையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கதையாக அவரைப் பற்றிச் சொன்னோம். ஒரே இரவில், ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடியிலேயே ஒன்பதாம் எண் பந்தைத் தொடர்ந்து மூன்று முறை விழவைத்தார் என்றார் ஒருவர். ஐந்து முறை என்றார் இன்னொருவர். இருபது ஆண்டுகளாக அவரோடு ஆடிய ஒருவர் மட்டும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிவரை எதுவும் பேசவில்லை. பெரியவரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். மூன்றா, ஐந்தா, எதை எழுதுவது? அவர் பணம் வைத்து ஆடியதைக் குறிப்பிடலாமா? இந்த ஆட்டத்துக்குத் தமிழில் சொற்களே இல்லையே, என்ன செய்வது? முதல் பத்தியை இணைத்திருக்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு நினைவுக் கூட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். மேடையேறிய ஏழு பேரும் மறைந்தவரைப் பண்பாளர் என்றும் எளிமையானவர் என்றும் சொல்லி இறங்கினார்கள். கூட்டம் முடிந்தபோது, நாற்பது ஆண்டுகளாக நான் அறிந்திருந்த மனிதர் யாரென்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் முதல் பத்தியைப் படித்ததால், சொல்வது சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மேசையே அவருக்குக் கோயில், பந்துகளோடு அவர் பேசுவார்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். இதை அடித்துவிடுங்கள். வீணைக்காரர் வீணையோடு பேசுவார், தச்சர் மரத்தோடு பேசுவார் என்று நம் பத்திரிகைகள் ஐம்பது ஆண்டுகளாக எழுதிச் சலித்த வாக்கியம் இது. அவர் பந்துகளோடு பேசியிருக்க மாட்டார். க்யூ என்கிற ஆட்டக்கோலின் முனையில் சாக்குக் கட்டியைத் தேய்த்துவிட்டு அதை மேசை விளிம்பில் வைத்தாரா, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாரா? குனியும்போது கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டாரா? இவற்றை அந்தப் பத்தி சொல்லவில்லை.

சொற்கள் இல்லை என்பதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். க்யூ, ரேக், பிரேக், பாக்கெட் என்று நம் கிளப்புகளில் ஆடுகிறவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். க்யூவின் முனையில் தேய்ப்பதும் சாக்கு, நீங்கள் சொல்வதும் சாக்கு.

பந்தயப் பணத்தைப் பற்றிய தயக்கம் அதைவிட மோசமானது. பூல் ஆட்டத்தின் நல்ல கதைகளில் பாதி, பணம் மேசைமேல் கிடந்த இரவுகளில் பிறந்தவை. தெற்கு இல்லினாயில் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சிறிய ஊரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1961 முதல் நடத்திய போட்டிகளுக்கு நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்தது பரிசுத்தொகைக்காக மட்டுமல்ல. பகல் போட்டி முடிந்தபின் விடியவிடிய நடந்த பந்தயங்களுக்காகவும்தான். 1972இல் மத்திய அரசு அதிகாரிகள் புகுந்து கைது செய்ததோடு அந்தத் திருவிழா முடிந்தது. அந்த இரவுகளை நீக்கிவிட்டு அந்தத் தலைமுறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், யார் எந்தப் பட்டத்தை வென்றார் என்ற பட்டியல்தான் மிஞ்சும். உங்கள் பெரியவர் இருபது டாலர் வைத்து ஆடியிருந்தால் இருபது டாலர் என்று எழுதுங்கள். அவர் குடும்பத்துக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

இனி மூன்றா, ஐந்தா என்ற உங்கள் கேள்வி. பிரேக் அடியில் ஒன்பதாம் பந்து விழுவதில் திறமையைவிட அதிர்ஷ்டத்தின் பங்கே அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும். மூன்று என்றாலும் ஐந்து என்றாலும் அந்தக் கதையில் அவர் இல்லை, பந்துதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வாக்கியம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போனது: ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசாதிருந்தார் என்பது.

பூல் ஆட்டத்தில் அந்த நாற்காலிக்கு உள்ள இடத்தை யோசித்துப் பாருங்கள். டென்னிஸில் எதிராளி பந்தைத் திருப்பி அடிக்கிறார். சதுரங்கத்தில் அடுத்த நகர்த்தல் அவருடையது. பூலிலோ, ஒருவர் நன்றாக ஆட ஆட மற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் மாநிலத்திலேயே, ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஈஸ்ட் ஹை பில்லியர்ட் கிளப்பில் 1954 மார்ச் மாதம் நடந்த காட்சி ஆட்டத்தைப் பற்றி உங்கள் கூடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். 1941க்கும் 1957க்கும் இடையே 15 முறை உலகப் பட்டம் வென்ற வில்லி மோஸ்கோனி ஒரு பக்கம், உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் மறுபக்கம். ஆடியது ஸ்ட்ரெய்ட் பூல். விழும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. தவறும்வரை முறை மாறாது. 14 பந்துகள் விழுந்ததும் அவற்றை மறுபடி அடுக்கி, பதினைந்தாவதை இருந்த இடத்திலேயே விட்டுத் தொடர்வார்கள். 200 புள்ளி ஆட்டத்தில் உள்ளூர்க்காரர் முதலில் மூன்று பந்துகளை விழவைத்து, நான்காவதைத் தவறவிட்டு, நாற்காலிக்குப் போனார். மோஸ்கோனி எழுந்து 200ஐ எட்டினார். தவறவில்லை என்பதால் மேலும் தொடர்ந்தார். 526 பந்துகள், 2 மணி 10 நிமிடம். நிமிடத்துக்கு நான்கு பந்து வீதம் அவர் மேசையைச் சுற்றிவந்த அந்த நேரம் முழுவதும் எதிராளிக்கு முறை வரவேயில்லை.

பார்த்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். படச்சுருள் எதுவும் இல்லாததால் அந்தக் காகிதமே அறுபத்தைந்து ஆண்டுகள் சாட்சியாக நின்றது. பிறகு 2019இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஷ்மிட் 626 பந்துகளையும், 2022இல் ஜேசன் ஷா 714 பந்துகளையும் தொடர்ச்சியாக விழவைத்தார்கள். இரண்டுக்கும் காணொளி இருக்கிறது, எண்ணிக்கையில் ஐயமில்லை. ஆனால் அவை சாதனைக்கென்றே தனியாக ஆடப்பட்டவை. எதிரே முறைக்குக் காத்திருந்தவர் எவரும் இல்லை. மோஸ்கோனியின் இரவைப் பற்றி எனக்கு ஒரு கதை வேண்டுமென்றால், கையெழுத்திட்ட முப்பது பேரிடமும் போக மாட்டேன். மூன்று பந்தோடு உட்கார்ந்தவரிடம் போவேன். நூறாவது பந்தில் என்ன நினைத்தார், முந்நூறாவது பந்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று யோசித்தாரா, எந்த இடத்தில் தன் தோல்வியை மறந்து எதிராளி தவறிவிடக் கூடாதே என்று பதறத் தொடங்கினார் என்று கேட்பேன்.

தோற்றவரே ஆட்டக்காரரை மிக அருகிலிருந்து பார்த்தவர். வேடிக்கை பார்த்த நண்பர் பந்தைப் பார்க்கிறார். தோற்றவர் ஆளைப் பார்க்கிறார், ஏனென்றால் எங்கே தடுமாறுவார் என்று தேடிக்கொண்டிருக்கிறார். வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியைச் சேர்ந்த லூதர் லாசிட்டரை எல்லோரும் 'விம்பி' என்றழைத்தார்கள். கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் வரும் தீனிப்பிரியரின் பெயர் அது. இளவயதில் சாப்பிட்ட சாப்பாட்டால் ஒட்டிக்கொண்டது. ஒன்பது பந்து ஆட்டத்தில் அவர் காலத்தில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். ஆனால் அவரோடு மோதியவர்கள் மறக்காமல் சொல்வது, ஆட்டம் தொடங்கும் முன்பு அவர் படும் பாட்டை: தலைவலி, வயிறு சரியில்லை, இன்றைக்கு நிற்கவே முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே வந்து, மேசையிலிருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் போவார். 1988இல், பிறந்த அதே ஊரில், தன் வீட்டு மேசையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது இறந்தார். அந்தப் புலம்பலை வைத்துத்தான் எனக்கு அவர்மேல் பிரியம் உண்டானது.

இதற்கு நேர்மாறானவர் ருடால்ஃப் வாண்டரோன். 1961இல் வந்த ஹாலிவுட் படத்துப் பாத்திரம் ஒன்றின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு 'மினசோட்டா ஃபேட்ஸ்' ஆனவர். 1978 பிப்ரவரியில் மோஸ்கோனியும் அவரும் தொலைக்காட்சிக்காக மோதியபோது வென்றவர் மோஸ்கோனி. ஃபேட்ஸோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓயாமல் பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார், மோஸ்கோனியின் முகம் இறுகிக்கொண்டே போனது. அமெரிக்கர்கள் பலருக்கு நினைவிருப்பது அந்தப் பேச்சுதான். வென்றவர் ஒழுங்கைக் கடவுளாகக் கும்பிட்டவர், தோற்றவர் வாய்ச்சவடால்காரர். என்றாலும் ஒருவரை மற்றவரின்றி நினைக்க முடியாதபடி அந்த ஆட்டம் கட்டிப்போட்டுவிட்டது.

இதையெல்லாம் நான் புத்தகத்தறிவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். என் இளவயதில், மலைநகரம் ஒன்றில் பழைய கிளப் ஒன்றின் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் கணக்கெழுதினேன். அங்கே பில்லியர்ட்ஸ் அறைக்கு ஒரு மார்க்கர் இருந்தார். காலையில் மேசைத் துணியை ஒரே திசையில் துலக்கி இஸ்திரி போடுவார்; மாலையில் உறுப்பினர்கள் ஆடும்போது சுவரோரம் நின்று புள்ளிகளை உரக்கச் சொல்லி, பலகையில் முள்ளை நகர்த்துவார். நாற்பது ஆண்டுகள். உறுப்பினர்களோடு ஆட அவருக்கு அனுமதியில்லை. யாராவது துணையின்றி வந்து, கூப்பிட்டால் உண்டு. அப்போதும் சிறிய வித்தியாசத்தில் தோற்றுவிடுவார். அவர் இறந்தபோது கிளப்பில் கூட்டம் போட்டார்கள். விசுவாசம், பணிவு, கோபமே அறியாதவர் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர் எப்படி ஆடுவார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் உண்மையாக ஆடி ஒருவரும் பார்த்ததில்லை என்பது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்குச் சொன்னவர் இரவுக் காவலர். கிளப் அடைத்தபின் பதினொரு ஆண்டுகள் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் மார்க்கரோடு ஆடித் தோற்றவர் அவர். "எனக்காக இடது கையால ஆடுவாரு சார்" என்றார். ஆளில்லாத அந்தக் கூடத்திலும், பகலில் உறுப்பினர்களுக்குச் சொல்கிற அதே குரலில், அதே ஆங்கிலத்தில், இருவர் புள்ளிகளையும் உரக்க அறிவிப்பாராம். பந்தயம் ஆட்டத்துக்கு ஒரு டீ. ஒரே ஒரு முறை காவலர் ஜெயித்தார். மார்க்கர் பலகையைப் பார்த்தார், பந்துகளைப் பார்த்தார், சாக்குக் கட்டியைச் சுவரில் வீசி எறிந்துவிட்டுப் போனவர் மூன்று இரவுகள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. நான்காம் இரவு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தக் கிளப்பில் யாரும் உண்மையாக ஆடிப் பார்த்திராத வலது கையால் ஆடினார். "அன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது, பதினோரு வருசமா நான் யாரோட ஆடிக்கிட்டிருந்தேன்னு." காவலருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் சொல்லி முடித்ததும் சிரித்தார். கோபமே அறியாதவராம்! சுவரில் நீலமாக ஒரு கறை இருந்தது. மறுநாள் காலையில் போய்த் தேடிப்பார்த்தேன், பலகைக்கு ஒரு முழம் கீழே.

அந்தக் கிளப்பை இப்போதும் நான் மன்னிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு கலைஞனைக் கணக்குச் சொல்ல வைத்ததற்காகக்கூட அல்ல. அது அக்காலத்து அநியாயம், அவர்களுக்கு அது அநியாயமென்றே தெரியாது. நினைவுக் கூட்டத்துக்கு அந்தக் காவலரைக் கூப்பிடவில்லை, அவர் வெளிவாசலில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார் என்பதற்காக.

ஆகவே, கே., உங்கள் நண்பர்கள் சொன்ன கதைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது. வரும் செவ்வாய்க்கிழமை சற்று முன்னதாகவே கூடத்துக்குப் போய், சுவரோர நாற்காலிக்காரரோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். ஆடும்போது பெரியவரைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். தோற்று உட்கார்ந்த பிறகு, இந்த இருபது ஆண்டுகளில் பெரியவரிடம் எத்தனை டாலர் விட்டிருப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் தொகையைச் சரியாகச் சொல்வார் என்றே நினைக்கிறேன். தோற்றவர்கள் அதை மறப்பதில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். மூன்றா ஐந்தா என்பதை, உங்களுக்கு இன்னமும் அது வேண்டுமென்றால், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.