லைட்ரூமை விட்டு வெளியேறுவது – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். காரைக்குடியில் பதினோரு ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்துவருகிறேன். முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்குச் சந்தா கட்டுவது உறுத்துகிறது. நீங்கள் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளுக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் நிறுவிப் பார்த்தேன். என் படங்கள் எல்லாம் சோகை பிடித்ததுபோலத் தெரிகின்றன. லைட்ரூமின் பழைய கேட்டலாக்கில் எண்பதாயிரம் படங்கள் இருக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் இத்தனை ஆண்டு உழைப்பும் போய்விடுமா?

ம., காரைக்குடி

அன்புள்ள ம.,

படங்கள் எங்கும் போகாது. அவை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. கேட்டலாக் என்பது பேரேடு மட்டும்தான். பேரேட்டை மூடினால் பெட்டியில் இருக்கும் பணம் காணாமல் போவதில்லை. சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும். படங்களைத் தேடலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் அறையைத்தான் பூட்டிவிடுவார்கள்.

போவது வேறு ஒன்று. நீங்கள் செய்த திருத்தங்கள் படத்தில் இல்லை, ஒரு குறிப்பில் இருக்கின்றன: வெளிச்சம் இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு என்று. அதில் 35 என்று ஓர் எண் இருந்தால், அது லைட்ரூம் வீட்டுக் கரண்டியால் அளந்தது. டார்க்டேபிள் வீட்டில் கரண்டி வேறு, அடுப்பும் வேறு. சில அளவுகளை அது மொழிபெயர்த்துக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது.

ஆகவே பழைய திருத்தங்களைக் கொண்டுபோக முயலாதீர்கள். நான் முயன்றேன். ஒரு மழைக்காலம் முழுவதும் 2014ஆம் ஆண்டுப் படங்களைப் புதிய மென்பொருளில் பழையபடியே கொண்டுவரப் பாடுபட்டு, நாற்பது படங்களோடு கைவிட்டேன்.

கொண்டுபோக வேண்டியவை தரம் பார்த்து நீங்கள் போட்ட நட்சத்திரங்களும் குறிச்சொற்களும். லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அவை எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பாக ஒவ்வொரு ரா கோப்பின் (கேமரா பதப்படுத்தாமல் எழுதிய மூலக் கோப்பு) பக்கத்திலும் எழுதப்படும். டார்க்டேபிள் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பிரித்து வைத்திருக்கும் கலெக்‌ஷன்கள் அதில் எழுதப்படுவதில்லை. ஒரே படத்துக்கு இன்னொரு திருத்தமாக வைத்திருக்கும் விர்ச்சுவல் காப்பிகளும் அப்படியே. எனவே முதலில் ஒவ்வொரு கலெக்‌ஷனையும் திறந்து, உள்ளே இருக்கும் படங்களுக்கெல்லாம் அதன் பெயரையே குறிச்சொல்லாகப் போட்டுவிடுங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு மாலைகள் போதும். இதைச் செய்யாமல் விட்டால் எண்பதாயிரத்தில் ஒன்றைத் தேடும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்த திருமணங்களை முழு அளவு ஜேபெக்காக எடுத்து வைத்தால் போதும். உங்களுக்கே உயிரான சில படங்களை மட்டும் நிற விவரம் அதிகம் தங்கும் 16 பிட் டிஃப் கோப்பாக எடுங்கள். எல்லாவற்றையும் அப்படி எடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். 24 மெகாபிக்சல் படம் ஒன்றே சுருக்காமல் 140 எம்பிக்கு மேல் வரும்.

இனி சோகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் அதுதான்.

ரா கோப்பு இன்னும் படம் ஆகவில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளந்திருக்கும்; மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் கணிக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எதையும் தொடும் முன்பே, லைட்ரூம் தன் கைப்பக்குவத்தில் ஒரு நிறத்தையும் அழுத்தத்தையும் (கான்ட்ராஸ்ட்) ஏற்றித்தான் திரையில் காட்டுகிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் தெரிவதும் கேமராக்காரர்கள் சமைத்த ஜேபெக்தான். டார்க்டேபிள் அந்த உபசாரத்தை மிகக் குறைவாகச் செய்கிறது. தாளிக்காத பருப்பு மாதிரி எடுத்து வைக்கிறது.

என் அத்தையின் படம் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் வீட்டில் குண்டு பல்பு வெளிச்சத்தில், அரக்குப் பட்டுப் புடவையில், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். அந்தச் சிவப்பை என் சிவப்பு என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். டார்க்டேபிளில் திறந்தபோது புடவை செங்கல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அழுத்தத்தைக் கூட்டினேன், நிறத்தைக் கூட்டினேன், பழைய சிவப்பு வரவில்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது மடிப்புக்குள் ஜரிகைக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. லைட்ரூமிலிருந்து எடுத்த பழைய அச்சில் அந்த இடம் ஒரே சிவப்புத் திட்டு. சிவப்பு அதன் உச்ச அளவில் முட்டி, விவரமெல்லாம் அழிந்துபோகும் அளவுக்கு நிறத்தை ஏற்றியவன் நான். தொடங்கும்போதே பாதி ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. அத்தையிடம் இரண்டையும் காட்டினேன். செங்கலைத் தொட்டு, “புடவை இதுதான்டா” என்றார்.

நீங்கள் செய்யவேண்டியது இது. முதலில் எக்ஸ்போஷரை மட்டும் நகர்த்தி முகத்தைச் சரியான வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வெளுக்கும் இடங்களைப் பற்றி அப்போது கவலைப்படாதீர்கள்; அவற்றை அடக்குவது டார்க்டேபிளில் அடுத்து வரும் சிக்மாய்ட் என்ற கருவியின் வேலை. அதில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிறத்தைக் கடைசியில் தொடுங்கள். பிடித்துப்போனால் அதை ஒரு ஸ்டைலாகச் சேமித்து முழுத் திருமணத்துக்கும் ஒரே சொடுக்கில் போடலாம். இரண்டு வாரத்தில் சோகை தெளியும்.

ஆனாலும் உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நான் வாரத்துக்குப் பத்துப் படம் திருத்துகிறவன். நீங்கள் ஒரு திருமணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுத்துவந்து, மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் விரட்ட விரட்ட வேலை செய்கிறவர். படங்களை விறுவிறுவென்று கழித்துக்கட்டுவதிலும் முகத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்துவதிலும் லைட்ரூமின் வேகம் டார்க்டேபிளில் எனக்குக் கிடைக்கவில்லை. சந்தாதான் உறுத்தல் என்றால், ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப், கேப்சர் ஒன் இரண்டின் சோதனைப் பதிப்புகளையும் பாருங்கள். கேப்சர் ஒன்னின் விலை கையைக் கடிக்கும்.

ஆடி பிறந்ததும் தொடங்குங்கள். போன தையில் எடுத்த ஒரே ஒரு திருமணத்தை மறுபடியும் முதலிலிருந்து திருத்துங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் அந்தக் கணக்கை எனக்கு எழுதுங்கள். அதுவரை சந்தாவை நிறுத்தவேண்டாம். ஆண்டுத் திட்டம் என்றால் நடுவில் முறித்தால் அபராதம் உண்டு, அதற்கும் நாள் பார்த்துத்தான் ஆகவேண்டும்.