இனிஷியலை எங்கே எழுதுவது? – பான் அட்டை கேள்வி-பதில்

குன்னூர் பெட்போர்டில் வரிக் கணக்கு பார்க்கிறவன் நான். பான் அட்டை பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் வரியைப் பற்றியே இருக்காது. பெயரைப் பற்றியும், அப்பா பெயரைப் பற்றியும், ஆதாரில் தப்பாக விழுந்த பிறந்த தேதியைப் பற்றியும்தான் இருக்கும். இந்த முறை வந்ததும் அப்படித்தான்.

ஆதாரில் என் பெயர் முருகன் ஆர் என்று இருக்கிறது. பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாதே? (கல்லூரி மாணவர், அருவங்காடு)

நமக்கெல்லாம் எங்கே இருக்கிறது குடும்பப் பெயர்! படிவத்தைத் தயாரித்தவர் மனதில் நம் ஊர்க்காரர் யாரும் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டு கட்டத்திலும் இனிஷியல் செல்லாது. கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. எனவே உங்களுக்கு இரண்டு வழிதான்.

ஒன்று, ஒற்றைப் பெயர்க்காரராக விண்ணப்பிப்பது. 'முருகன்' என்பதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதல் பெயர், நடுப்பெயர்க் கட்டங்களைக் காலியாக விடுவீர்கள். இன்னொன்று, இனிஷியலை விரிப்பது. முதல் பெயர் முருகன், கடைசிப் பெயர் ராமன் என்று அப்பா பெயர் அங்கே போய் உட்காரும். பான் எண்ணின் பத்து எழுத்துகளில் நான்காவது தனிநபருக்கு எப்போதும் 'பி'. ஐந்தாவது, கடைசிப் பெயரின் முதல் எழுத்து. முதல் வழியில் போனால் அது 'எம்', இரண்டாவது வழியில் 'ஆர்'. இரண்டும் சரிதான், ஆனால் ஆதாரோடு எது ஒத்துப்போகும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஆதாரில் ஒற்றை 'ஆர்' தொங்குகிறது. அதை முதலில் 'முருகன் ராமன்' என்று விரித்துக்கொண்டு, அதே எழுத்துக்கூட்டில் பானுக்குப் போவதுதான் என் யோசனை. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே முறையில் சரிசெய்யுங்கள்.

என் சொந்த அட்டையில் என் பெயரும் அப்பா பெயரும் இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக ஒட்டி வந்தது. வங்கியில் கூப்பிடும்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

எனக்குக் கல்யாணமாகி பத்து வருடம் ஆகிறது. ஆதாரில் கணவர் பெயர்தான் இருக்கிறது. அப்பா பெயர்க் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? (கோத்தகிரி வாசகி)

அப்பா பெயரைத்தான். கல்யாணமானவர், கணவரை இழந்தவர், பிரிந்தவர் எல்லோருக்கும் அதேதான். கணவர் பெயருக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. அம்மா மட்டும் தனியாக வளர்த்த பிள்ளை என்றால் அப்பா பெயரைக் கொடுக்காமல் அம்மா பெயரை மட்டும் கொடுக்கலாம். 2018 டிசம்பரில் இருந்து அந்த வசதி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. மையத்தில் உட்கார்ந்திருப்பவர் தெரியாமல் "அப்பா பெயர் கட்டாயம்" என்றால், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பான் எடுத்துத் தர ஏஜென்ட் 600 ரூபாய் கேட்கிறார். நியாயமா? (குந்தா)

அட்டை வீட்டுக்கு வரவேண்டும் என்றால் கட்டணம் 107 ரூபாய். புரோட்டியன், யுடிஐஐடிஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். அட்டை வேண்டாம், எண் போதும் என்றால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் 'உடனடி இ-பான்' இலவசம். அதுவும் சட்டப்படி முழுப் பான்தான். இதற்கு முன் பான் எடுக்காதவராக, 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்க வேண்டும், ஆதாரில் பிறந்த தேதி முழுதாக இருக்க வேண்டும். குந்தா பக்கம் டவர் கண்ணாமூச்சி ஆடும். ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து செய்யுங்கள். பஸ் டிக்கெட் போக மிச்சமும் இருக்கும்.

அம்மா இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் சிலோனில் இருந்து வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கிடைத்த பணத்தை வங்கியில் போட பான் கேட்கிறார்கள். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கிறது. (கூடலூர்)

1964 ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பங்களில் இந்தச் சிக்கல் சர்வ சாதாரணம். ஆதார் எடுத்தபோது "பிறந்த தேதி தெரியாது" என்று சொல்லியிருப்பார்கள், வருடத்தை மட்டும் போட்டுவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு உடனடி இ-பான் கிடைக்காது. இப்போது, அதாவது 2025 ஜூலை 1 முதல், புதிய பானுக்கு ஆதார் சரிபார்ப்பே கட்டாயம். எனவே ஆதாரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது நிர்வாகம் கொடுத்த அடையாள அட்டை, ஓய்வூதிய உத்தரவு, பழைய பாஸ்போர்ட் என்று பிறந்த தேதி இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். எதை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். ஏனென்றால் பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான். அவசரத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிட்டு, ஓய்வூதியக் காகிதத்தில் வேறு தேதி இருந்தால் காலத்துக்கும் தலைவலி.

வங்கி வற்புறுத்துவதிலும் காரணம் இருக்கிறது. வட்டி, வரம்பைத் தாண்டினால் பான் உள்ளவருக்கு அதில் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், இல்லாதவருக்கு 20. வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் உறுதிமொழியும் பான் இல்லாமல் செல்லாது. வரி கட்டவே தேவையில்லாத அம்மாவின் வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு ஏன் போக வேண்டும்?

ஒன்றரை ஏக்கர் தேயிலை. பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுக்கிறேன். பான் எடுத்தால் வரி கட்டச் சொல்வார்களா? (எடப்பள்ளி)

மாட்டார்கள். பான் என்பது ஒரு எண், வரி நோட்டீஸ் அல்ல. கொழுந்தைப் பறித்து அப்படியே விற்பது முழுக்க விவசாய வருமானம், மத்திய வருமான வரி அதற்குக் கிடையாது. சொந்தத் தோட்டத்துக் கொழுந்தைச் சொந்த ஃபேக்டரியில் தூளாக்கி விற்கிறவருக்குத்தான் லாபத்தில் 40 சதவீதம் வரிக் கணக்கில் வரும், மீதி 60 விவசாயம். கிலோவுக்கு இத்தனை என்று கொழுந்து கொடுக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. விலையைப் பற்றிய கவலை வேறு, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தெரியாமல் இரண்டு பான் எடுத்துவிட்டேன்.

ஒன்றை உடனே ஒப்படையுங்கள். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்திருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வைத்திருந்தால் அபராதம் 10,000 ரூபாய்.

பான் 2.0 வந்துவிட்டது, பழைய அட்டை செல்லாது, லிங்க்கைத் தட்டவும் என்று மெசேஜ் வருகிறது.

தட்டாதீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, பான் சேவையைப் புதுப்பிக்கும் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது உண்மை. பழைய அட்டை செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டைக் காலி செய்து ஊட்டிக்கு வந்துவிட்டோம். அட்டை எங்கே வரும்?

ஆதார் வழியாக விண்ணப்பித்திருந்தால் ஆதாரில் இருக்கும் முகவரிக்கு, அதாவது பழைய லைனுக்குத்தான் போகும். போஸ்ட்மேன் தெரிந்தவர் என்றால் சொல்லி வையுங்கள். திரும்பிப் போய்விட்டால் ஆதாரில் முகவரியை மாற்றி, பான் பதிவிலும் அதை மாற்றிவிட்டு 50 ரூபாய் கட்டி மறுபடி அச்சிடச் சொல்லலாம். அதுவரை மின்னஞ்சலில் வந்த இ-பானை வைத்து வேலையைப் பாருங்கள். அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். உங்கள் பிறந்த தேதியை எட்டு இலக்கமாக, இடையில் புள்ளி, கோடு எதுவும் இல்லாமல் அடியுங்கள்.