கேள்வி பதில்: ஓய்வுக்குப் பின் காலையில் எதற்காக எழும்புவது?

கொழும்பில் நீண்ட காலம் உளவளத்துணையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீண்ட, நிறைவான வாழ்வு பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

வெள்ளவத்தை, 61 வயது: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. பணக் கஷ்டமும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் காலையில் எழும்பினால் நாள் நீண்டு கிடக்கிறது. என்னில் என்ன பிழை?

உங்களில் பிழை எதுவும் இல்லை, ஐயா. வேலை உங்களுக்குச் சம்பளத்தை மட்டும் தரவில்லை. குறித்த நேரத்துக்கு வாசலைத் தாண்ட வேண்டிய கட்டாயம், ரயிலில் இடம் பிடித்து வைத்திருக்கும் நண்பர், உங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் கோப்பு ஆகிய எல்லாவற்றையும் அதனோடு சேர்த்தே தந்தது. ஓய்வு பெற்ற பின் கைக்குப் பணம் வர வேறு வழி இருக்கிறது. மற்றவை தாமாக வந்து சேர்வதில்லை.

நானும் முதல் ஆறு மாதங்கள் பத்திரிகையை மரண அறிவித்தல்கள் வரை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தவன்தான். பிறகு எங்கள் தொடர்மாடியில் மேல்தளத்துப் பையனுக்குச் சாதாரண தரக் கணிதம் சொல்லிக்கொடுக்க, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு என்று ஒத்துக்கொண்டேன். ஐந்தாவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவன் கொம்பாஸ் பெட்டியைக் குலுக்கிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்கும். அந்த இரண்டு நாட்களிலும் நான் மதியத்துக்கு முன்பே முகச்சவரம் செய்துவிடுவதை என் மனைவிதான் முதலில் கவனித்தார். ஆகவே இலட்சியத்தைத் தேடி அலையாதீர்கள், நீங்கள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். வங்கியில் இருந்தவர் என்பதால், உங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் கணக்கைப் பொறுப்பெடுக்கலாம். சண்டைக்கும் அங்கே குறைவிருக்காது, பொழுதும் போகும்.

பம்பலப்பிட்டி, 58 வயது: வாழ்வில் நோக்கம் இருந்தால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று உண்டா, அல்லது மேடைப் பேச்சா?

சான்று உண்டு, ஆனால் மேடையில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஜப்பானின் ஓசாக்கிப் பகுதியில் 40 முதல் 79 வயது வரையான 43,391 பேரிடம், வாழ்வதற்குரிய பற்று, அதாவது அவர்கள் மொழியில் 'இக்கிகாய்', உங்களுக்கு உண்டா என்று கேட்டுவிட்டு, ஏழு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. இல்லை என்றவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. அந்த வேறுபாடு இதய, இரத்தக் குழாய் நோய்களில் தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பற்று இல்லாததால் நோய் வந்ததா, உள்ளே வளர்ந்துகொண்டிருந்த நோய்தான் பற்றைக் குறைத்ததா என்பதை இத்தகைய ஆய்வுகள் முழுமையாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஆய்வாளர்கள் கணக்கில் இயன்றவரை ஈடுசெய்கிறார்கள். எனினும் ஐயத்துக்கு இடம் மிஞ்சுகிறது.

உறவுகளைப் பற்றிய சான்று இதைவிடக் கனமானது. 1938இல் தொடங்கி, மொத்தம் 724 ஆண்களைப் பின்தொடர்ந்து இன்றுவரை நீளும் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வில், 80 வயதில் ஒருவர் எவ்வளவு நலமாக இருப்பார் என்பதை, 50 வயதில் அவருக்கிருந்த கொலஸ்ட்ரோல் அளவைவிட, தம் உறவுகளில் அவர் கண்ட திருப்தியே நன்றாகக் காட்டியது. அவர்கள் ஹார்வர்டில் படித்தவர்களும், பொஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுமான ஆண்கள். வெள்ளவத்தை மாமிமாருக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இதைப் படித்துவிட்டுக் கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

தெஹிவளை, 34 வயது: விருப்பம், திறமை, உலகின் தேவை, வருமானம் ஆகிய நான்கு வட்டங்களும் சந்திக்கும் இடமே இக்கிகாய் என்கிறார்கள். எனக்கு அப்படி ஓரிடம் அகப்படவே இல்லை.

அந்தப் படம் ஜப்பானியருடையதே அல்ல, தம்பி. ஐரோப்பாவில் வேறொரு நோக்கத்துக்காக வரையப்பட்ட படத்தின் நடுவில், 2014இல் ஒருவர் இக்கிகாய் என்ற சொல்லைப் பொருத்திவிட்டார். ஜப்பானில் ஒருவருடைய இக்கிகாய் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம், தோட்டமாகவும் இருக்கலாம். அதற்கு வருமானம் தேவையில்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை, மனத்துக்கு வேறொன்று என்று இருப்பது தோல்வியும் அல்ல.

கொட்டாஞ்சேனை, 71 வயது: கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து தினமும் வட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள். ஆனாலும் வெறுமை.

அம்மா, அந்த உரையாடல் பெரும்பாலும் "சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா" என்பதோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அதில் நீங்கள் விசாரிக்கப்படுபவராகவே இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பேத்திக்கு நீங்கள் எதையாவது கற்றுக்கொடுப்பதாக மாற்றிப் பாருங்கள். ஒடியற்கூழின் பக்குவமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதை வயதின் கணக்கில் எழுதாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மட்டக்குளி, 46 வயது: அம்மாவுக்கு 79. ஒரு வேலையும் செய்ய விடாமல் பார்த்துக்கொள்கிறோம். இருந்தும் நாளுக்கு நாள் சோர்ந்துபோகிறார்.

"இருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் "அதனால்" என்று எழுதியிருப்பேன். 1976இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரு பகுதியினரிடம் ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, அதைப் பேணும் பொறுப்பையும் அன்றாடத் தெரிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். மற்றப் பகுதியினருக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது தாதியரின் வேலை என்றார்கள். சில வாரங்களில் முதற் பகுதியினர் கூடுதல் உற்சாகமாகவும் விழிப்பாகவும் காணப்பட்டனர். அது சிறிய ஆய்வு, அதன்மேல் பெரிய கோபுரம் கட்ட முடியாது. ஆனாலும் நான் சந்தித்த பல குடும்பங்களில், அன்பின் பெயரால் முதலில் பறிக்கப்பட்டது அகப்பைதான்.

அடுப்பும் கத்தியும் பயமென்றால் முருங்கையிலை உருவுவதில் தொடங்குங்கள். சந்தையிலிருந்து வந்ததும் இலைக்கட்டையும் சுளகையும் அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மா, பன்னிரண்டு மணிக்குச் சுண்ட வேண்டும்" என்று நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இடையில் காம்பு கலந்திருந்தால் அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடுங்கள்.