வரப்பு மரங்களும் கைவினைக் கருவிகளும்: எதை வெட்டலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அருகே எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளது. நெல்லும் குண்டு மிளகாயும் பயிரிடுகிறேன். வரப்பில் ஏழெட்டுப் பூவரசும், நான்கு வேம்பும், இரண்டு புளியும், ஒரு வெட்பாலையும், சில பனைகளும் நிற்கின்றன. கிழக்குப் பக்கம் முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நூல் நூற்கும் தக்களி, குரோஷே ஊசி, உளிக் கைப்பிடி, வலை பின்னும் ஊசி ஆகியவற்றைக் கையால் செய்து விற்கும் சிறு பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் மரம் கேட்கிறார். முறையாகவும் காட்டுக்குக் கேடின்றியும் வந்த மரம் என்று எழுதித் தர வேண்டும் என்கிறார். ஈட்டி, கருங்காலி போன்றவற்றையும் வெளிநாட்டு மரங்களையும் வாங்கித் தர முடியுமா என்றும் கேட்கிறார். நான் எந்த மரத்தைக் கொடுக்கலாம்? சென்ற ஆண்டு அறுத்து வைத்த புளியங்கட்டை வெடித்தும் உளுத்தும் வீணாகிவிட்டது. அதற்குக் காரணம் என்ன?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் முதலில் சொல்லத் தோன்றியது, ஒரு மரத்தைக்கூட அடியோடு சாய்க்க வேண்டாம் என்பதே. கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் கேட்டால் அடிமரம் வேண்டும். பட்டறைக்காரர் கேட்பவையோ ஒன்றரை அங்குலச் சதுரமும் ஒரு முழத்துக்கும் குறைந்த நீளமும் உள்ள சிறு கட்டைகள். தொடை அளவுக்குத் தடித்த ஒரு பூவரசங்கிளையிலிருந்து பல கட்டைகள் கிடைக்கும். ஆகவே மரத்தை நிற்கவிட்டுக் கிளையை முறைவைத்துக் கழித்து எடுப்பதையே உங்கள் அறுவடையாகக் கருதுங்கள்.

உங்கள் வரப்பில் இந்த வேலைக்கு முதலிடம் பூவரசுக்கே. உப்புக்காற்றையும் உவர் மண்ணையும் தாங்கி நம் கரையோரத்தில் தானாகவே வளரும் மரம் அது. அதன் வைரப்பகுதி, அதாவது நடுவில் முற்றிய மரம், சிவந்த பழுப்பு நிறமுடையது, ரேகை நெருக்கமானது, உலரும்போது அதிகம் சுருங்காது, இழைத்துத் தேய்த்தால் நல்ல மெருகு ஏறும். பசிபிக் தீவுகளில் இதே மரத்தில்தான் உணவுக் கிண்ணங்களைக் குடைந்து செய்துவந்தார்கள். நூலும் விரலும் ஓயாமல் உராயும் குரோஷே ஊசிக்கும் தக்களிக்கும் சிராய் எழாத மரம் வேண்டும் என்பதால், இதைவிடப் பொருத்தமான மரத்தை உங்கள் ஊரில் தேட வேண்டியதில்லை. மரங்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பிரிவை மட்டும் கழியுங்கள். எந்த மரத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிளைகளை எடுக்க வேண்டாம். வெட்டிய போத்துகளில் (கிளைத்துண்டுகளில்) சிலவற்றை ஈரமுள்ள இடத்தில் நட்டால் துளிர்த்துவிடும். நேரான அடிமரம் வேண்டுமானால் விதைக்கன்றே நல்லது.

வெட்பாலை உங்களிடம் ஒன்றே இருப்பது வருத்தம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் அரக்குப் பூசிய மரப்பொம்மைகளைக் கடைவது இந்த மரத்தில்தான். தந்தம்போல் வெளுத்து, மென்மையாக, கடைசலுக்கு இணங்கும் மரம் அது. வெட்டிய இடத்திலிருந்து நன்கு மறுதுளிர் விடும் இயல்பும் அதற்கு உண்டு. இருக்கும் ஒன்றை வெட்டாமல் விதைக்கு வைத்துக்கொண்டு, வரும் மழைக்காலத்தில் வரப்பு நெடுகக் கன்றுகளை நடுங்கள். சில ஆண்டுகளில் உங்கள் வரப்பே பட்டறைக்குரிய தோப்பாகும். புளியின் வைரம் மிகக் கடினமானது; சுத்தியலுக்கும் உளியைத் தட்டும் கொட்டாப்புளிக்கும் அதுவே ஏற்றது. ஆனால் அதன் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய இளமரப் பகுதி, பூச்சிக்கு விருந்து. வேம்பு உளிக் கைப்பிடிக்குத் தாராளமாகப் போதும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மரம் வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்கிறார்; அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் உங்கள் கிழக்கு வரப்பிலேயே வேண்டிய மட்டும் நிற்கிறது. அம்மரத்தின் முற்றிய வைரம் அடர் பழுப்பாக, கனமாக, கெட்டியாக இருக்கும். உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவதால் கைப்பிடியில் இட்ட இரும்புப் பூண் எளிதில் தளராது. அதன் சொந்த நாடுகளில் அதனையும் அதன் இனமரங்களையும் நல்ல தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் மாவட்டத்திலோ பெரும்பகுதி கரிமூட்டத்துக்கே போய்விடுகிறது. மூட்டம் போடுகிறவர்களிடம் முன்கூட்டிப் பேசி, தூரில் தடித்து நேராக இருக்கும் துண்டுகளை மட்டும் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். விறகு விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் அவர்களுக்கும் இலாபம். வெளிறு முழுவதையும் செதுக்கி எறிந்துவிட வேண்டும், ஏனெனில் அதைத் துளைப்பான் பூச்சிகள் விட்டுவைப்பதில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கையே வெளியிட்டுள்ளது. ஆகவே இதைத் தூரோடு பெயர்த்தெடுப்பது உங்கள் நிலத்துக்கும் நன்மை. தூரை விட்டு மேலே மட்டும் வெட்டினால் மறுபடியும் அடர்ந்து கிளைக்கும். மரம் விலைபோகிறது என்பதற்காக இதை வளர்த்துவிடும் எண்ணம் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இனி, தொடக்கூடாதவை. குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரம் இந்தக் கரையின் சொந்த மரம். சீமைக்கருவேலத்தின் நெருக்கடியால் இடமிழந்து வருகிறது. உங்கள் நிலத்தில் ஒன்றிரண்டு இருந்தால் அவை நிற்கட்டும். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம் உங்கள் உடைமையன்று. அதில் ஒரு கிளை ஒடிப்பதற்கும் உரிய அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களுக்கு வலசை வரும் பறவைகள் கூடு கட்டுவது இந்தக் கருவேல மரங்களில்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். காரங்காடு, தொண்டிப் பக்கத்து அலையாத்தி மரங்களையும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் உள்ள எதையும் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் அரசு அறிவித்தது. தானாக விழுந்த பனை கிடைத்தால் அதன் கறுத்த வைரச் சிம்புகள் வலை ஊசிக்கு உதவும். ஆனால் அதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்த பிறகே அறுங்கள். சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அதை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லச் சில இனங்களுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவைப்படும் என்பதால், இராமநாதபுரம் வன அலுவலகத்தில் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வண்டி பிடியுங்கள்.

ஈட்டியும் கருங்காலியும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஈட்டி மரத்தைக் காப்பதற்கென்றே 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உலக அளவில், ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 சனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. செம்மரம் அதற்கு முன்பிருந்தே அப்பட்டியலில் உள்ளது. பட்டறைக்காரர் தம் கருவிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவரானால், ஆவணமில்லாத ஒரு துண்டு மரமே அவருக்குப் பெரும் தொல்லையாகும். கருங்காலியிலோ பெயரிலேயே குழப்பம் உண்டு. மரக்கடைக்காரர் அப்பெயரால் ஒன்றைச் சொல்வார். நாட்டு மருந்துக் கடைக்காரர் வேலமரத்தின் உறவான வேறொன்றைச் சொல்வார். தாவரவியல் பெயர் எழுதப்படாத பில்லை ஏற்க வேண்டாம். பட்டறைக்காரர் மேப்பிள், செர்ரி போன்ற மரங்களை விரும்பினால் அவரே சான்றளிக்கப்பட்ட இறக்குமதியாளரிடம் வாங்கட்டும். பலகையில் காட்டுக்குக் கேடின்றி வந்த மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் மட்டும் போதாது, விற்றவரின் பில்லிலும் சான்றிதழ் எண் இருக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். கருமையும் பழமையும் உள்ள மரத்தைத்தான் அவர் விரும்புகிறார் என்றால், காரைக்குடியில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் பர்மா தேக்குத் துண்டுகள் கிடைக்கின்றன. கைப்பிடிகளுக்கு அவை மிக நல்லவை, மெல்லிய ஊசிகளுக்கு ஆகாது.

உங்கள் புளியங்கட்டை வெடித்ததற்கும் உளுத்ததற்கும் காரணங்கள் வேறு வேறு. கட்டையின் வெட்டுமுனை வழியாக ஈரம் மற்றப் பக்கங்களைவிடப் பலமடங்கு விரைவாக வெளியேறுவதால், வெட்டிய அன்றே இருமுனைகளிலும் உருக்கிய மெழுகையோ கெட்டியான பெயின்ட்டையோ பூசாவிட்டால் முனை சுருங்கிப் பிளக்கும். நடுக்குருத்தோடு உருண்டையாக வைத்தாலும் பிளக்கும். ஆகவே குருத்து வழியே இரண்டாகவோ நான்காகவோ வகிர்ந்துவிட வேண்டும். உளுத்தது வெளிற்றில் உள்ள மாச்சத்தைத் தேடிவந்த துளைப்பானால். வெளிற்றை நீக்குவதே முதல் மருந்து. நீக்க முடியாத சிறு கட்டைகளுக்கு, எடையில் ஒன்றரைப் பங்கு வெங்காரமும் (போராக்ஸ்) ஒரு பங்கு போரிக் அமிலமும் கலந்து, அக்கலவையை நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ என்ற அளவில் கரைத்து, பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், மீதிக் கரைசலை ஊருணியிலோ வயலிலோ கொட்டாதீர்கள்.

ஊறப்போடுவது என்றவுடன் நம் பக்கத்தில் பலர் உப்பங்கழியில் கட்டையை அமிழ்த்தி வைக்கிறார்கள். அது பெருந்தவறு. கழிநீரில் கப்பல்புழு மரத்தைக் குடைந்துவிடும். தப்பிய மரத்திலும் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் உளியின் இரும்பு கைப்பிடிக்குள்ளேயே துருப்பிடிக்கும். உடைந்த வள்ளத்தின் பலகையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

மழை ஓய்ந்தபின், தை பிற்பகுதியிலிருந்து மாசிக்குள் கிளை கழியுங்கள். அப்போது கூடுள்ள கிளையை விட்டுவிடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கட்டைகளுக்கு இடையே ஓரங்குலச் சட்டங்கள் கொடுத்து அடுக்கி, கீற்றுக் கொட்டகையின் நிழலில், காற்று ஊடுருவும்படி வையுங்கள். தகரக் கொட்டகையின் வெப்பத்தில் நல்ல பூவரசும் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அடையாளமிட்ட நாலைந்து கட்டைகளை நிறுத்துக் குறித்துவாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை குறையாமல் நின்றால் அவை நம் கரைக்கு உலர்ந்துவிட்டன என்று பொருள். ஆனால் கடற்காற்றுக்கு உலர்ந்த கட்டை உள்நாட்டு வறட்சியில் இன்னும் சுருங்கும். ஆகவே பட்டறைக்காரர் கடைவதற்கு முன் சில வாரம் தம் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

அவர் கேட்ட உறுதிமொழிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, சர்வே எண், மரத்தின் பெயர், கழித்த நாள், கிளையா தூரா என்ற விவரம், கட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, அந்த எண்ணையே கட்டையின் முனையிலும் பெயின்ட்டால் குறியுங்கள். பட்டா நகலையும் கழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அதனுடன் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பூவரசில் பத்தும் சீமைக்கருவேலத்தில் பத்துமாகக் கட்டைகளைக் கொடுத்துக் கடைந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த அளவில், எத்தனை கேட்கிறார் என்று தெரிந்த பிறகு அடுத்த தையில் எந்த மரங்களைக் கழிப்பது என்பதை முடிவு செய்யலாம்.