கடலோரத்தில் கேரவன்: பகல் பார்க்கிங் சீட்டில் இரவு தங்கலாமா?

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டத்தில் இருக்கிறோம். கோடை விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கேரவனை டிரைவரோடு இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். 32,000 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். ‘கடலைப் பார்த்துக்கொண்டே தூங்கி எழலாம்’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். முதல் இரவு போன கடற்கரை பார்க்கிங்கில் வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி. வண்டி உயரத்துக்கு உள்ளே நுழையவில்லை. அடுத்த இடத்தில் பார்க்கிங் சீட்டு வாங்கி நிறுத்தினோம். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளோடு ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் விடிய விடியக் கிடந்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘பார்க்கிங் எங்கள் பொறுப்பு இல்லை’ என்கிறார்கள். கம்பி போட்டவர்கள் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: கம்பி போட்டவர்களை விட்டுவிடுங்கள். வண்டியைக் கொடுத்தவரைப் பிடியுங்கள்.

பொது பார்க்கிங்கில் நீங்கள் வாங்கும் சீட்டு, வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்து வருவதற்குத்தான். சமைக்கவும் குளிக்கவும் படுக்கவும் அதில் உரிமை கிடையாது. எந்த இடத்தில் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 117-வது பிரிவு மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் தருகிறது. குறிப்பிட்ட வகை வண்டியை ஒரு பகுதிக்குள் விடாமல் கட்டுப்படுத்த 115-வது பிரிவு இருக்கிறது. ஆக, அறிவிப்புப் பலகை வைத்து முறைப்படி போட்ட தடையை நீங்கள் அசைப்பது கடினம்.

இந்தத் தடைகளை நான் வீம்பாக நினைக்கவில்லை. கேரவனில் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கக்கூஸுக்கு ஒரு தொட்டி இருக்கும். அவற்றைக் காலி செய்ய ஒழுங்கான இடம் வேண்டும். சாதாரண கடற்கரை பார்க்கிங்கில் அது கிடையாது. அப்புறம் என்ன நடக்கும்? ஆள் அடங்கியதும் வண்டிக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறந்துவிடுவார்கள். காலையில் மணலில் சோப்பு நுரையோடு ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

அடுத்தது கரண்ட். ராத்திரி முழுக்க ஏசி ஓட வேண்டுமென்றால், மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஜெனரேட்டர்தான் கதி. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறியதே காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற எவரும் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலும் இருக்கிறது. நம் கரையில் கள்ளக்கடல் என்று சொல்வது உங்களுக்குத் தெரியாதது அல்ல. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. அது பகல் வெளிச்சத்தில் நடந்தது. மணல் ஓரத்தில் வண்டிக்குள் தூங்குகிறவர்களை இரவில் யார் எழுப்புவது?

இதெல்லாம் கேரவன் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையைக் கொண்டுவந்தபோதே வண்டி தனி, அது இரவில் நிற்கும் கேரவன் பார்க் தனி என்று இரண்டாகத்தான் வகுத்தது. பார்க் என்றால் தண்ணீரும் மின் இணைப்பும் கழிவை இறக்க வசதியும் இருக்க வேண்டும். அப்படி முதலில் வந்தது, 2022-இல், வாகமண்ணில். அது மலை. கடலோரத்தில் எந்த இடத்தில் தங்க அனுமதி வாங்கியிருக்கிறார் என்று சொல்லாமல் ‘கடலைப் பார்த்துக்கொண்டே தூங்கலாம்’ என்று ஒருவர் காசு வாங்கினால், அவர் தன் கையில் இல்லாததை விற்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைத் தவறான விளம்பரம் என்றும் சேவைக் குறைபாடு என்றும் பார்க்கும். ‘பார்க்கிங் எங்கள் பொறுப்பு இல்லை’ என்று ரசீதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தாலும், முன்னால் படம் போட்டுச் சொன்ன வாக்கு வாக்குதான்.

முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். வண்டியில் பயணம் செய்திருக்கிறீர்கள், அதை மறுக்க முடியாது. தங்க முடியாமல் போன இரவுக்கான வாடகை, அலைச்சலுக்கு ஒரு நியாயமான இழப்பீடு, இவ்வளவு கேட்டால் நிற்கும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. எதிராளி கேரளத்தில் இருந்தாலும் நாகர்கோவிலில் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். கிளம்பச் சொன்ன இடத்தின் பார்க்கிங் சீட்டு கையில் இருந்தால் அதில் தேதியும் நேரமும் இருக்கும். உங்கள் வழக்குக்கு அதுவே முக்கியம்.

கேள்வி: தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடப்புறத்து ஊர் எங்களுடையது. வள்ளம் ஏற்றுகிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் பொது மைதானத்தில் சனி, ஞாயிறு வந்தால் பெரிய பெரிய சுற்றுலா வண்டிகள் ராத்திரி தங்குகின்றன. நெத்திலி காயப்போடும் மணலில் அழுக்குத் தண்ணீரை விடுகிறார்கள். பாதையில் கல் போட்டு அடைத்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உயரக் கம்பி வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: நுகர்வோர் பகுதிக்கு இப்படி ஒரு கேள்வி வந்தது எனக்கு மகிழ்ச்சி. வாடகைக்கு எடுப்பவரின் உரிமையை மட்டும் பேசிவிட்டு, அந்த மணலில் பிழைப்பவரை மறந்துவிடுவது சரியல்ல. வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் வள்ளம் ஏற்றவும் இருக்கும் இடத்துக்கு முதல் பாத்தியதை உங்களுக்குத்தான்.

கல் போடாதீர்கள். பொதுவழியை அடைத்ததாக வழக்கு உங்கள் பிள்ளைகள் மேல்தான் திரும்பும். உயரக் கம்பியையும் நான் ஆதரிக்க மாட்டேன். கேரவனைத் தடுக்கும் கம்பி ஐஸ் லாரியையும் தடுக்கும், மீன் ஏற்ற வரும் வண்டியையும் தடுக்கும். கடலில் ஒருவருக்கு ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ் அந்தக் கம்பிக்கு வெளியே நிற்கும். முதியோரைக் கூட்டிக்கொண்டு பகலில் வந்து போகும் வேன்களும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள். ‘இரவு 10 முதல் காலை 5 வரை வாகனங்கள் தங்கக்கூடாது, கழிவுநீர் விடக்கூடாது’ என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சி வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். உத்தரவு வந்ததும் தமிழிலும் மலையாளத்திலும் பலகை வையுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்கள். தீர்மானத்தோடு கழிவு ஓடிய இடத்தின் போட்டோவும் வண்டி எண்ணும் தேதியும் இருந்தால் கோப்பு நகரும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கடலை விட்டுச் சற்றுத் தள்ளி, தண்ணீரும் கழிவுத் தொட்டியும் உள்ள ஒரு இடத்தை ஒதுக்கிக் கட்டணம் வாங்கச் சொல்லுங்கள். இதே தகராறு உலகமெங்கும் உண்டு. நியூசிலாந்தின் 2011 சட்டம், குறிப்பிட்ட இடங்களில் வண்டியில் தங்குவதைத் தடுக்க உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் தன் எல்லை முழுவதும் ஒட்டுமொத்தமாகத் தடுக்க விடுவதில்லை. வேல்ஸில் குவினெட் மன்றம் கிரிக்கியெத், புல்ஹெலி போன்ற கடலோர ஊர்களில் மோட்டார் வீடுகள் இரவு தங்கத் தனி இடமே அமைத்தது. போக்கிடம் இல்லாத தடை, வண்டிகளை உங்கள் ஊரிலிருந்து அடுத்த ஊர் மணலுக்குத் தள்ளும். அங்கே இருப்பவர்களும் நெத்திலி காயப்போடுகிறவர்கள்தான்.

கேள்வி: பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: மாற்றிய பிறகு ஆர்.சி. புத்தகத்தில் ‘மோட்டார் கேரவன்’ என்று பதிவு வரும் என்றால் மட்டும் பேசுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதில் கறாராகத் தீர்ப்புச் சொன்னது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க வழி கிடைப்பது. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். கேரளத்துக்குள் ஓட்ட அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் கூரை மேல் ஏசி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து மொத்த உயரம் எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு போர்டிகோ முதல் கடற்கரை வாசல் வரை வண்டி எங்கெல்லாம் நுழையும், எங்கே நுழையாது என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும்.